ஒரு குவளை ‘ஷேக்’: உணவா, வணிகமா?



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் உங்களுக்கு இக்காட்சி புதியதன்று. பொழுது விடிந்து சற்று நேரத்திற்குள் மாடியறை ஒன்றின் வாசலில் காலணிகள் வரிசையாகக் கிடக்கின்றன. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மிக்ஸி, சுவரெங்கும் எடை குறைந்தவர்களின் பழைய படமும் புதிய படமும். வருகின்றவர் ஒரு சிறு கருவியின் மீது ஏறி நிற்கின்றார். எடை, கொழுப்பு, ‘உடல் வயது’ என எண்கள் தோன்றுகின்றன. முப்பத்தைந்து வயதுப் பெண்மணிக்கு ‘உடல் வயது ஐம்பது’ என்று காட்டினால் அவர் திகைக்காமல் என் செய்வார்? அத்திகைப்பு அடங்குமுன்னரே, நுரை ததும்பும் பானம் ஒரு குவளை அவர் கைக்கு வந்துவிடுகின்றது.

இதற்கான அழைப்பு விளம்பரப் பலகை வாயிலாக வருவதில்லை. சாச்சி வாயிலாக வருகின்றது. மச்சி வாயிலாக வருகின்றது. பிள்ளையின் பள்ளி வாசலில் பழகிய தோழி வாயிலாக வருகின்றது. “மச்சி, ஒருநாள் வந்து எடை மட்டும் பாருங்கள், காசு ஒன்றும் வேண்டாம்” என்பது முதற்சொல். பதினைந்து நாள் கழித்து வருவது அடுத்த சொல்: “நீங்களும் இதில் சேர்ந்துகொண்டால் உங்களுக்கு மலிவாகக் கிடைக்கும். வீட்டில் இருந்தபடியே மாதம் நல்ல வருமானமும் வரும்.”

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. வேளை உணவுக்குப் பதிலாக அருந்தும் இந்தப் பவுடர் உடலுக்கு நல்லதா என்பது ஒன்று. இதை விற்கும் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேரலாமா என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தால்தான் தெளிவு பிறக்கும்.

குவளையில் இருப்பது என்ன?

இவ்வகைப் பவுடர்களில் உலகெங்கும் பெயர் பெற்றது ஹெர்பாலைஃப் நிறுவனத்தின் ‘ஃபார்முலா 1’. 1980ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 1999ல் இந்தியாவுக்குள் வந்தது. பவுடரின் முதன்மைப் பொருள் சோயாவிலிருந்து பிரித்தெடுத்த புரதம். அத்துடன் சர்க்கரை வகை, நார்ப்பொருள், வைட்டமின்கள், தாதுக்கள், மணமூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. ஒரு வேளைக்கு ஏறத்தாழ 25 கிராம் பவுடர். அதில் உள்ள புரதம் சுமார் 9 கிராம்.

இந்தப் பவுடரைப் பெரும்பாலும் பாலில்தான் கலக்கச் சொல்கின்றனர். 300 மில்லி பாலில் இயல்பாகவே 9 முதல் 10 கிராம் புரதம் உண்டு. ஆகவே, ‘ஒரு குவளையில் 18 கிராம் புரதம்’ என்று உங்களிடம் பெருமையாகக் கூறப்படும்போது, அதில் பாதியைத் தந்தது காலையில் உங்கள் வாசலில் பால்காரர் வைத்துச் சென்ற பாக்கெட்டுதான் என்பதை மறவாதீர்கள்.

மீதிப் பாதியின் விலையைப் பார்ப்போம். 500 கிராம் டப்பா 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 வேளை. எனவே 9 கிராம் புரதத்துக்கு நாம் கொடுப்பது 100 ரூபாய். பாலுக்கு வேறு தனியே. ஒரு கோழி முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. 20 கிராம் பொட்டுக்கடலையில் 4 கிராம். இவ்விரண்டும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பச்சைப்பயறு, கொள்ளு, வேர்க்கடலை ஆகியவற்றில் நூறு கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கின்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் வறுத்து அரைத்து வைத்த சத்துமாவு வேறென்ன?

பவுடரின் தரப்பிலும் நியாயம் பேச வேண்டும். அதில் கலோரி குறைவு; வைட்டமின்கள் அளந்து சேர்க்கப்பட்டுள்ளன; கலக்கிக் குடிப்பது எளிது. அதை அருந்தியவர்களின் எடை குறைந்ததும் பொய்யன்று. ஆனால் ஏன் குறைந்தது? இட்லியும் வடையும் உண்ட காலை வேளையிலும், பரோட்டா உண்ட இரவு வேளையிலும் இருநூறு கலோரி கொண்ட பானத்தை மட்டும் அருந்தினால், எந்தப் பானமாயினும் எடை குறையத்தான் செய்யும். குறைத்தது பவுடரின் தனி ஆற்றல் அன்று, குறைத்து உண்டதே. டப்பா தீர்ந்து பழைய உணவுக்குத் திரும்பியதும் போன எடையும் திரும்பி வருவதை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம்.

மருத்துவ உலகம் இவ்வகை உணவை அடியோடு ஒதுக்கிவிடவில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். பிரிட்டனில் ‘டைரக்ட்’ என்னும் ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை, நாளொன்றுக்கு சுமார் 850 கலோரி கொண்ட பானங்களும் சூப்புகளும் மட்டுமே தரப்பட்டன. 2017 இறுதியில் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினருக்கு மருந்தில்லாமலேயே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இவ்வுணவு பெறாத பிரிவில் அது 4 சதவீதம் மட்டுமே. வியப்பூட்டும் முடிவுதான். ஆனால் அங்கே பவுடரைத் தந்தவர் கமிஷன் பெறும் உறவினர் அல்லர். பயிற்சி பெற்ற செவிலியரும் உணவு வல்லுநரும் தொடர்ந்து கண்காணித்தனர். மருந்துகள் முறைப்படி நிறுத்தப்பட்டன. இன்சுலின் போடுபவர்கள் அந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை.

இந்த வேறுபாடு சிறியதன்று. நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்று 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. அவர்களில் ஒருவர் மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, உணவை மட்டும் பானமாக மாற்றிக்கொண்டால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் புரதம் அளவுக்கு மிஞ்சினால் கேடு. கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. ஹெர்பாலைஃப் பொருள்களைப் பயன்படுத்திய சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக இஸ்ரேல், சுவிட்சர்லாந்து நாடுகளின் மருத்துவர்கள் 2007ல் மருத்துவ இதழில் எழுதினர். தம் பொருள்களே அதற்குக் காரணம் என்பதை அந்நிறுவனம் ஏற்கவில்லை. உண்ணத் தொடங்கிய பின் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருமஞ்சளானாலோ, பசி அறவே நின்றாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். டப்பாவையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

‘உடல் வயது’ காட்டும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். அது உடலுக்குள் மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையைக் கொண்டு கொழுப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி. தண்ணீர் குடித்திருந்தால் ஓர் எண், வியர்த்திருந்தால் வேறோர் எண். அதைக் கண்டு அஞ்சி எவரும் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. அதைவிட இரத்த அழுத்தமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். அவற்றை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

விலையில் யார் யாருக்குப் பங்கு?

சோயாப் புரதம் இவ்வளவு விலை விற்கக் காரணம் என்ன? ஹெர்பாலைஃப் முறையில் விநியோகஸ்தர்களுக்கு அவரவர் படிக்கு ஏற்ப 25 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அச்சிட்ட விலை முழுவதையும் கொடுத்து நீங்கள் வாங்கும்போது, அதில் பாதிவரை விற்பவருக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் போகக்கூடும் என்பதே இதன் பொருள்.

நம் மாநிலத்தோடு தொடர்புடைய மற்றொரு வழக்கைப் பாருங்கள். ‘நியூட்ரிலைட்’ புரதப் பவுடர் விற்கும் ஆம்வே நிறுவனத்திற்குத் திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் பெரிய தொழிற்சாலை உண்டு. 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை, அத்தொழிற்சாலையின் நிலம், கட்டடம் உள்ளிட்ட 757 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட அந்நிறுவனச் சொத்துகளை முடக்கியது. நேரடி விற்பனை என்ற பெயரில் பிரமிட் முறை நடத்தப்படுகின்றது என்பதும், வெளிச்சந்தையில் கிடைக்கும் பெயர்பெற்ற பொருள்களைவிட விலை மிக அதிகம் என்பதும் அத்துறையின் குற்றச்சாட்டு. 2002-03 முதல் 2021-22 வரை நிறுவனம் திரட்டிய தொகை 27,562 கோடி ரூபாய் என்றும், 2020-21 வரை கமிஷனாகக் கொடுத்தது 7,588 கோடி ரூபாய் என்றும் அது கணக்குக் காட்டியது. 2023 நவம்பரில் நீதிமன்றத்தில் குற்றப்புகாரும் தாக்கல் செய்தது. விசாரணைக்கு ஒத்துழைப்பதாகவும் சட்டப்படியே நடப்பதாகவும் நிறுவனம் கூறுகின்றது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. அதை நாம் மறக்கக் கூடாது. எனினும் அந்தக் கணக்கின்படி, வாங்கியவர்கள் கொடுத்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கால் பங்குக்கு மேல் கமிஷனாகப் போயிருக்கின்றது. ஊட்டத்துக்கென்று எடுத்துவைத்த பணத்தில் அத்தனையும் வேறு வழியில் சென்றுவிட்டது.

ஆறு பேர் கணக்கு

“நீங்கள் ஆறு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பார்கள். அப்புறம் நீங்கள் சும்மா இருந்தாலே பணம் வரும்” என்பது கூட்டங்களில் கரும்பலகையில் போட்டுக் காட்டப்படும் கணக்கு. அதையே நாமும் தாளில் போட்டுப் பார்ப்போம்.

முதற்படியில் 6 பேர். இரண்டாவதில் 36. மூன்றாவதில் 216. நான்காவதில் 1,296. ஐந்தாவதில் 7,776. ஆறாவதில் 46,656. ஏழாவதில் 2,79,936. எட்டாவது படியில் 16,79,616 பேர் வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று நகரங்களிலும் சேர்ந்தே ஏறத்தாழ 8 லட்சத்து 70 ஆயிரம் பேர்தான் இருந்தனர். தொட்டிற் குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டனார் வரை அனைவரையும் சேர்த்தாலும் எட்டாவது படிக்குப் பாதி ஆள்தான் தேறும். இன்று மக்கள்தொகை பெருகியிருக்கலாம்; ஒன்பதாவது படிக்கு ஒரு கோடிக்கு மேல் தேவை. ஆகவே இச்சங்கிலி எங்கோ அறுந்தே தீர வேண்டும். அறும்போது கடைசிக் கண்ணியாக நிற்பவரிடம் விற்க முடியாத டப்பாக்கள் மட்டும் மிஞ்சும். முன்னரே சேர்ந்தவர் காட்டும் காசோலையும் காரும் பொய்யில்லாமல் இருக்கலாம். ஆனால் அவை பின்னர் சேர்ந்தவர்களின் சமையல்கட்டுப் பணத்தில் வந்தவை.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஹெர்பாலைஃப் மீது நடவடிக்கை எடுத்து, 2016 ஜூலையில் 20 கோடி டாலர் செலுத்தச் செய்தது. தொழிலை நம்பிச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மிகச் சிறிதே சம்பாதித்தனர் அல்லது ஒன்றும் சம்பாதிக்கவில்லை என்பது ஆணையத்தின் வாதம். ‘விற்பனைத் தலைவர்’ என்ற பட்டம் பெற்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு 2014 முழுவதும் நிறுவனம் கொடுத்த பரிசுத்தொகை சராசரியாக 300 டாலருக்கும் குறைவு. மாடியறைகளில் நடக்கும் ‘ஊட்டச்சத்து மையம்’ போன்றவற்றை அங்கே திறந்தவர்கள் சராசரியாக 8,500 டாலர் அளவுக்குச் செலவிட்டனர். அவர்களில் 57 சதவீதத்தினர் இலாபமே காணவில்லை அல்லது நட்டமடைந்தனர். 2017 ஜனவரியில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேருக்கு ஓரளவு பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் ஆள் சேர்ப்பதற்காக அன்றி, உண்மையான விற்பனைக்காகவே பெரும்பகுதிப் பரிசு தரவேண்டும் என்று அந்நாட்டில் தன் முறையை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

மார்க்கத்தின் பார்வையில்

ஹலாலான வருமானம் தேடும் குடும்பங்களுக்கு இங்கே மேலும் ஒரு கேள்வி எழுகின்றது. சவூதி அரேபியாவின் மார்க்கத் தீர்ப்புக்கான நிரந்தரக் குழு 2004ல் இவ்வகைச் சங்கிலி வணிகம் கூடாது எனத் தீர்ப்பளித்தது. இங்கே நோக்கம் பொருள் அன்று, கமிஷனே. பொருள் ஒரு திரை மட்டுமே. சிறிது பணம் கொடுத்துப் பெரும்பணத்தை எதிர்பார்ப்பதால் வட்டியின் சாயலும், எத்தனை பேர் சேர்வார்கள் என்று அறியாமலேயே பணம் போடுவதால் ‘கரர்’ எனப்படும் நிச்சயமற்ற பேரமும் கலந்துள்ளன என்பன அதன் காரணங்கள். மலேசியா போன்ற நாடுகளின் அறிஞர்கள், பொருள் உண்மையானதாகவும் ஆள் சேர்ப்பதற்கென்று தனிக் கூலி இல்லாமலும் இருந்தால் நிபந்தனைகளுடன் அனுமதிக்கலாம் என்கின்றனர். உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்கும்போது, ‘பவுடர் விற்கலாமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நிறுவனத்தின் கமிஷன் பட்டியலையே அவர்கள் முன் வைத்துக் கேளுங்கள்.

தொடக்கப் பொருள்களை வாங்க நகையை வட்டிக்கு அடகு வைப்பதும், மகளிர் குழுக் கடன் வாங்குவதும் நடக்கின்றன. அங்கே ஐயத்துக்கே இடமில்லை. பானத்துடன் விற்கப்படும் மாத்திரைகளின் மேலுறை ஜெலட்டினா, எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

1978ஆம் ஆண்டுச் சட்டம் பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்கின்றது. 2021 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நேரடி விற்பனை விதிகள் மேலும் சில பாதுகாப்புகளைத் தருகின்றன. அவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

சேர்வதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. விற்பவர் அடையாள அட்டை இன்றியும், முன்கூட்டியே இசைவு பெறாமலும் உங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. ‘வேறு நாலு பேரைக் காட்டினால் உங்கள் டப்பாவின் விலை குறையும்’ என்று ஆசை காட்டி விற்கக் கூடாது. பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறும் வழியை விளக்க வேண்டும். குறை கூறினால் ஒரு மாதத்துக்குள் தீர்க்க முயல வேண்டும். தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

டப்பாவின் மீது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். மருந்தாகப் பயன்படுத்தற்கன்று என்னும் பொருள்பட எழுதியிருக்கவும் வேண்டும். டப்பாவே அவ்வாறு கூறும்போது, ‘சர்க்கரை நோய் தீரும், தைராய்டு போகும், குழந்தைப்பேறு கிட்டும்’ என்று எவரேனும் வாயால் சொன்னால், சொல்பவர் எத்துணை நெருங்கியவராயினும் நம்பாதீர்கள்.

உறவுக்கு வேண்டாம் இந்தச் சோதனை

சேர்ந்துவிட்ட சகோதரியைப் பழிப்பது நம் நோக்கமன்று. கணவர் வளைகுடாவில், வீட்டு வாடகை ஏறுகின்றது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஏறுகின்றது, வெளியே வேலைக்குச் செல்ல இயலவில்லை. அந்நிலையில் ‘வீட்டிலிருந்தே வருமானம்’ என்ற சொல் எவர் நெஞ்சைத்தான் தொடாது? ஆனால் இத்தொழிலின் முதலீடு பணம் மட்டுமன்று, உறவும்தான். நிக்காஹ் வீட்டிலும், பெருநாள் விருந்திலும், நோயாளியை நலம் விசாரிக்கச் சென்ற இடத்திலும் பவுடரைப் பற்றிப் பேசத் தொடங்கியவரைக் கண்டு, நாளடைவில் சொந்தங்கள் கைப்பேசியை எடுக்கத் தயங்குகின்றனர். நட்டப்பட்ட இரண்டாயிரத்தை ஈடுகட்டலாம். ‘என்னை வைத்துக் கமிஷன் பார்த்தாளே’ என்று மனம் கசந்த மச்சியை மீட்பது எளிதன்று.

அப்படி ஒரு சகோதரி உங்கள் வீட்டுக்கு வந்தால் முகம் திருப்பாதீர்கள். தேநீர் கொடுங்கள். மூன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள். “போன மாதம் செலவெல்லாம் போக உங்கள் கையில் மிஞ்சியது எவ்வளவு? குடும்பத்தார் அல்லாத எத்தனை பேர் முழு விலை கொடுத்து வாங்கினார்கள்? வீட்டில் விற்காத டப்பா எத்தனை?” ஒரு நோட்டுப் புத்தகத்தில் இம்மூன்றுக்கும் விடை எழுத அவருக்கு நீங்களே துணை செய்யுங்கள். விற்காத டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கும் வழி இருந்தால் அதையும் சேர்ந்தே தேடுங்கள். சமையல், தையல், குழந்தைகளுக்கு ஓதிக்கொடுத்தல் என அவர் கையில் வேறு திறமை இருப்பின், அதற்கு முதல் வாடிக்கையாளராக நீங்கள் இருங்கள்.

நீங்கள் எடை குறைக்க விரும்பினால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். தேநீர்ச் சர்க்கரையைக் குறையுங்கள். இரவு உணவை முன்னதாக முடியுங்கள். சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, மீன், காய்கறி ஆகியவற்றைக் கூட்டுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள். உணவுக்கு மாற்றான பானம் தேவை என்று மருத்துவரே கூறினால், அவர் எழுதித் தருவதை மருந்துக்கடையில் வாங்கி, அவர் கண்காணிப்பில் அருந்துங்கள். சங்கிலியில் விற்கப்படும் டப்பாவோ, அதன் விலைக்குத் தக்க பொருளன்று. அதைக் கொண்டு வந்த சகோதரியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.